எட்டு ஹிட் பாயிண்ட்டோடு பிழைப்பது எப்படி? விசார்டுக்கான தற்காப்பு மந்திரங்கள், ஒரு ஒப்பீடு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிப் பாத்திரம் ஏற்று ஆடும் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் முதல்முறையாக விசார்ட் (மந்திரவாதி) எடுத்து ஆடுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ஃபயர்பால் (நெருப்பு வெடிப்பு மந்திரம்) எப்போது கிடைக்கும்? ஐந்தாவது லெவலில் கிடைக்கும். அதுவரை உயிரோடு இருக்க வேண்டுமே. விசார்டின் ஹிட் டை, அதாவது உயிர்ப் புள்ளியான ஹிட் பாயிண்டைத் தீர்மானிக்கும் பகடை, வெறும் டி6 (ஆறு முகப் பகடை; டி20 என்றால் இருபது முகம்). கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14, அதாவது +2, வைத்தாலும் முதல் லெவலில் மொத்தமே 8 ஹிட் பாயிண்ட்தான், ஒரு சாதாரண காப்லின் (குட்டி அரக்கன்) கத்தியை வீசினால் சராசரியாக 5 போய்விடும். இரண்டு அடி விழுந்தால் ஆள் தரையில்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த நண்பர் ஒருவர் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, மந்திரப் புத்தகத்தில் எழுதக் கிடைக்கும் முதல் ஆறு மந்திரங்களில் நாலைத் தற்காப்புக்கே ஒதுக்கப் பார்த்தார். வேண்டாம் என்று சொன்னேன். ஏன் வேண்டாம், எதை எந்த லெவலில் எடுக்கலாம் என்று அன்றைக்கு மேசையில் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கணக்கெல்லாம் 2014 விதிகளை வைத்துப் போட்டது, 2024 திருத்தத்தில் பெரிதாக மாறிய இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு தற்காப்பு மந்திரத்துக்கு நாம் கொடுக்கும் விலை ஸ்லாட் (ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம் என்ற ஒதுக்கீடு) மட்டும் கிடையாது. சில மந்திரங்கள் அந்தச் சுற்றின் ஆக்‌ஷனைத் தின்னும், சில ரியாக்‌ஷனைத் தின்னும், சில கான்சன்ட்ரேஷனை, அதாவது மந்திரம் கலையாமல் நிறுத்தி வைக்கும் கவனத்தை, பிடித்துக்கொள்ளும். ரியாக்‌ஷன் என்பது எதிரி செய்வதற்கு உடனே காட்டும் எதிர்வினை, அது ஒரு சுற்றுக்கு ஒன்றுதான். கான்சன்ட்ரேஷனும் ஒரே நேரத்தில் ஒரு மந்திரத்துக்குத்தான். இந்த நாலில் விசார்டுக்கு மிகவும் விலை உயர்ந்தது கான்சன்ட்ரேஷன் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் வெப் (ஒட்டும் வலை), ஹிப்னாட்டிக் பேட்டர்ன் (மயக்கும் வடிவம்) மாதிரி சண்டையையே திருப்பிப்போடும் மந்திரங்கள் எல்லாம் அதில்தான் நிற்கின்றன. அதை எடுத்து நம் தோலைக் காப்பாற்றச் செலவழித்தால், மற்ற மூன்று பேரையும் கைவிட்ட மாதிரி ஆகிவிடும்.

சரி, முதல் லெவல். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஜோடி மேஜ் ஆர்மரும் (மாயக் கவசம்) ஷீல்டும் (மாயக் கேடயம்). இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முதல் லெவலில் காலையில் எழுந்ததும் மேஜ் ஆர்மரைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் சரியா என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறு மாதிரி வருகிறது. டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 14 என்றால் சும்மா இருக்கும்போது ஏசி, அதாவது அடி பட எதிரி உருட்டி எட்ட வேண்டிய எண், 12. காப்லின் +4 வைத்து அடிக்கிறது, டி20-இல் 8 விழுந்தாலே போதும், அதாவது 65 சதவீதம். மேஜ் ஆர்மர் போட்டால் ஏசி 15, காப்லினுக்கு 11 தேவை, 50 சதவீதம். வித்தியாசம் 15 சதவீதம்தான். ஆக, நம்மை நோக்கி ஏறக்குறைய ஏழு அடி வந்தால்தான் அந்த ஸ்லாட் ஒரு அடியைத் தடுத்ததாக ஆகும். முதல் லெவல் விசார்ட் ஒரே நாளில் ஏழு அடியை எதிர்கொள்கிறார் என்றால் அவர் நிற்கும் இடமே தப்பு.

ஷீல்டை எடுத்துக்கொண்டால், அடி விழுந்த பிறகுதான் அதைப் போடுகிறோம். ரியாக்‌ஷனில் ஏசி +5 கூடும், விழுந்த அந்த அடிக்கும் அது சேரும், நமது அடுத்த முறை தொடங்கும் வரை நிற்கும். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) "15 வந்திருக்கிறது, படுகிறதா?" என்று எண்ணைச் சொல்லிக் கேட்பவராக இருந்தால் ஸ்லாட் வீணாகவே போகாது: ஐந்துக்குள் இருந்தால் போடுவோம், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு அடியை வாங்கிக்கொள்வோம். இரண்டு ஸ்லாட் மட்டுமே இருக்கிற முதல் லெவலில், நிச்சயமாக ஒரு அடியைத் தடுக்கும் ஸ்லாட் பெரிதா, ஏழு அடிக்கு ஒன்றைத் தடுக்கும் ஸ்லாட் பெரிதா? ஷீல்ட்தான். அதைவிட ஸ்லீப் இன்னும் பெரிது. 5டி8 (ஐந்து எட்டுமுகப் பகடை) என்றால் சராசரி 22, காப்லின் ஒன்றுக்கு 7 ஹிட் பாயிண்ட், மூன்று காப்லின் அப்படியே சாய்ந்துவிடும். தூங்குகிற காப்லின் அடிக்காது, அதுவும் தற்காப்புதான். (2024 விதிகளில் ஸ்லீப் விஸ்டம் சேவ் (தப்பிக்க உருட்டும் பகடை) கேட்கிற, கான்சன்ட்ரேஷன் பிடிக்கிற மந்திரமாகிவிட்டது, அங்கே இந்தக் கணக்கு செல்லாது.)

மூன்றாவது லெவலில் எல்லாம் மாறுகிறது. முதல் நிலை ஸ்லாட் நாலு, இரண்டாம் நிலை ஸ்லாட் இரண்டு (லெவல் என்பது பாத்திரத்தின் படி, நிலை என்பது மந்திரத்தின் படி), ஒரு சின்ன ஓய்வு எடுத்தால் ஆர்கேன் ரெகவரியில் கொஞ்சம் திரும்பியும் வரும். இப்போது மேஜ் ஆர்மருக்கு ஒன்றைக் கொடுப்பது வலிக்காது. எட்டு மணி நேரம் நிற்கும், கான்சன்ட்ரேஷன் கிடையாது, ஆக்‌ஷனும் சண்டைக்கு முன்னாலேயே செலவாகிவிடும். அது ஷீல்டையும் பலப்படுத்துகிறது. ஏசி 12-இல் இருக்கும்போது காப்லினின் படுகிற அடிகள் பதின்மூன்றில் ஐந்தைத்தான் ஷீல்டால் தட்டிவிட முடியும், ஏசி 15-இல் இருந்தால் பத்தில் ஐந்து. இரண்டும் சேர்ந்தால் ஏசி 20, காப்லினுக்கு 25 சதவீத வாய்ப்புதான் மிச்சம்.

ஃபால்ஸ் லைஃப் பற்றியும் சிலர் கேட்பார்கள். 1டி4+4 தற்காலிக ஹிட் பாயிண்ட், ஒரு மணி நேரம். முதல் லெவலில் 8 ஹிட் பாயிண்ட்காரருக்கு ஆறேழு கூடுவது பெரிய விஷயம்தான், மூன்றாவது லெவலுக்கு மேல் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். ஆறு இடத்தில் ஒன்றை அதற்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கவசம் போடத் தெரிந்த விசார்டுகளுக்கு மேஜ் ஆர்மரே வேண்டாம். 2014 விதியில் மௌண்டன் ட்வார்ஃப் இனத்துக்குப் பிறவியிலேயே மீடியம் ஆர்மர் பழக்கம் உண்டு. 50 தங்கக் காசுக்கு ஸ்கேல் மெயில் வாங்கினால் டெக்ஸ்டெரிட்டி 14-உடன் ஏசி 16, ஒளிந்து போவதில்தான் சிரமம். ஸ்லாட் மிச்சம், புத்தகத்தில் ஓர் இடமும் மிச்சம்.

இரண்டாம் நிலை மந்திரங்களுக்கு வந்தால்தான் உண்மையான போட்டி. பிளர், மிரர் இமேஜ், மிஸ்டி ஸ்டெப். மூன்றாவது லெவலில் இரண்டு மந்திரம்தான் புதிதாக எழுத முடியும், அதில் ஒன்று வெப் ஆக இருக்கட்டும், மிச்சம் ஒன்று. எதை எடுப்பது?

பிளர் பார்வைக்கு அழகானது. நம்மை அடிப்பவர் எல்லோருக்கும் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது), ஒரு நிமிடம். ஹில் ஜெயண்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: +8, ஒரு சுற்றுக்கு இரண்டு அடி, ஒவ்வொன்றும் சராசரி 18. ஐந்தாவது லெவல் விசார்டுக்கு 32 ஹிட் பாயிண்ட் இருக்கும், இரண்டு அடியும் பட்டால் முடிந்தது. ஏசி 15-க்கு அது 70 சதவீதம் படும். பிளர் போட்டிருந்தால் 49 சதவீதம். நல்ல எண்தான், ஆனால் கான்சன்ட்ரேஷன். நான் ஒருமுறை மூன்றாவது லெவலில் ஓர் ஓகரும் நாலு காப்லினும் வந்த சண்டையில் முதல் வேலையாக பிளர் போட்டேன். என் மேல் ஓர் அடிகூடப் படவில்லை. காரணம், இரண்டு முறை தவறவிட்டதும் டிஎம் ஓகரை எங்கள் கிளெரிக் (குணப்படுத்தும் பூசாரி) பக்கம் திருப்பிவிட்டார். அவர் செய்ததில் தப்பே இல்லை, புத்தியுள்ள எந்த எதிரியும் அதைத்தான் செய்யும். காப்லின்கள் நாலும் ஃபைட்டரைச் சூழ்ந்துகொண்டன. நான் வெப் போட்டிருந்தால் அந்த நாலில் இரண்டு மூன்றாவது வலையில் சிக்கியிருக்கும். கிளெரிக் விழுந்தார், அவரைத் தூக்க ஆளில்லாமல் ஃபைட்டரும் விழுந்தார், நான் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன். அந்த இரவுக்குப் பிறகு பிளரை எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

மிரர் இமேஜுக்குக் கான்சன்ட்ரேஷன் கிடையாது. அது ஒன்றே பிளரைவிட அதை மேலே தூக்கிவிடுகிறது. மூன்று பிம்பங்கள், யாராவது நம்மைக் குறிவைத்தால் டி20 உருட்டுகிறோம், மூன்றும் இருக்கும்போது 6 அல்லது மேல் வந்தால் அடி பிம்பத்துக்குப் போகும், அதாவது 75 சதவீதம். இரண்டு மிச்சமானால் 8 வேண்டும், ஒன்று மிச்சமானால் 11. இதில் எனக்குப் பிடித்த விஷயம், எதிரியின் தாக்குதல் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த 75 சதவீதம் மாறாது. ஏசி நம்பி இருப்பவர்களுக்கு லெவல் ஏற ஏற எதிரியின் +8, +10, +12 எல்லாம் எமனாக வரும், மிரர் இமேஜுக்கு அந்தப் பயம் இல்லை. அதே ஹில் ஜெயண்டின் முதல் அடி நம் மேல் பட வாய்ப்பு 25 சதவீதத்தில் 70, அதாவது பதினேழரை சதவீதம். பிளரின் 49 எங்கே, இது எங்கே! 2024 திருத்தத்தில் இது இன்னும் பலமாகிவிட்டது. அடி பட்ட பிறகுதான் உருட்டுகிறோம், மிச்சமிருக்கும் ஒவ்வொரு பிம்பத்துக்கும் ஒரு டி6, ஏதாவது ஒன்றில் 3 அல்லது மேல் வந்தால் பிம்பம் உடையும், நாம் தப்பிப்போம். மூன்று பிம்பமும் இருக்கும்போது இருபத்தேழில் இருபத்தாறு முறை தப்பிக்கிறோம்.

குறை இல்லையா? இரண்டு இருக்கிறது. ஒன்று, ஒரு முழு ஆக்‌ஷன் போகிறது. சண்டையின் முதல் சுற்றில் விசார்ட் செய்வதுதான் பல நேரம் சண்டையைத் தீர்மானிக்கும், அந்தச் சுற்றைப் பிம்பத்துக்குக் கொடுப்பது நஷ்டம். அதனால் கதவைத் திறப்பதற்கு முன் போடுங்கள், ஒரு நிமிடம் என்பது பத்துச் சுற்று. இல்லையென்றால் முதல் சுற்றில் வெப், இரண்டாம் சுற்றில் மிரர் இமேஜ். இரண்டாவது குறை, பிளைண்ட்சைட் (கண் இல்லாமலே உணர்வது), ட்ரூசைட் (மாயையை ஊடுருவிப் பார்ப்பது) இருக்கும் எதிரிகளிடம் இது எடுபடாது. டிராகன்களுக்குப் பிளைண்ட்சைட் உண்டு. விளையாட்டின் பெயரிலேயே இருக்கிற எதிரியிடம் எடுபடாத மந்திரம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிஸ்டி ஸ்டெப் அடியைத் தடுப்பதில்லை, அடிக்கிற இடத்தில் நம்மை இல்லாமல் ஆக்கிவிடுகிறது. போனஸ் ஆக்‌ஷனில் (ஆக்‌ஷனோடு கூடுதலாகச் செய்யும் சின்னச் செயல்) முப்பது அடி தூரம், பார்க்க முடிகிற இடத்துக்கு. வாயால் சொன்னால் போதும், கை அசைக்கத் தேவையில்லை, அதனால் ஏதாவது ஒன்று நம்மைப் பிடித்து இறுக்கிக்கொண்டிருந்தாலும் தப்பிக்கலாம். ஹில் ஜெயண்டிடமிருந்து முப்பது அடி தாண்டி, அப்புறம் நம் நடையில் இன்னொரு முப்பது அடி போய்விட்டால் அது அந்தச் சுற்றில் வந்து அடிக்கவே முடியாது, அதன் வேகம் நாற்பது அடிதான், பத்தடி கை நீளத்தையும் சேர்த்தாலும் எட்டாது. (பாறை எறியும், அது வேறு கதை.) பள்ளம் தாண்ட, சிறைக் கம்பிக்கு வெளியே போக, பால்கனிக்கு ஏற என்று சண்டை இல்லாத இடங்களிலும் உதவும். மறக்கக் கூடாதது, அதே முறையில் ஆக்‌ஷனில் கேன்ட்ரிப் (ஸ்லாட் தேவையில்லாத சின்ன மந்திரம்) மட்டும்தான் போடலாம், தப்பித்து ஓடிக்கொண்டே ஃபயர்பால் வீச முடியாது.

ஆக, என் வரிசை: மூன்றாவது லெவலில் வெப்பும் மிஸ்டி ஸ்டெப்பும், நாலாவது லெவலில் மிரர் இமேஜ். மிரர் இமேஜ் எண்களில் ஜெயிக்கிறது என்று நானே சொல்லிவிட்டு மிஸ்டி ஸ்டெப்பை முதலில் வைப்பது ஏன் என்றால், விசார்ட் சாகிற சண்டைகளில் பெரும்பாலானவை அவர் தவறான இடத்தில் மாட்டிக்கொண்டதால் நடப்பவை. அங்கேயே நின்று மூன்று அடியைப் பிம்பங்களுக்குத் திருப்பினாலும் நாலாவது அடி வரும்.

நிற்கும் இடம் பற்றி இன்னொரு வார்த்தை. முக்கால்வாசி மறைப்புக்குப் பின்னால், அம்பு விடும் சுவர்த் துவாரம் மாதிரி இடத்தில் நின்றால் ஏசி +5. ஷீல்ட் தருவதும் அதே +5. ஸ்லாட் இல்லை, ரியாக்‌ஷன் இல்லை, டெக்ஸ்டெரிட்டி சேவுக்கும் சேரும். டிஎம் வரைபடத்தை விரித்ததும் முதலில் அதைத் தேடுங்கள்.

ஐந்தாவது லெவலில் ஃபயர்பாலோடு சேர்த்து எழுத வேண்டியது கவுண்டர்ஸ்பெல். இது நம்மை மட்டும் காப்பதில்லை, மொத்தக் குழுவையும் காக்கிறது. அறுபது அடிக்குள் கண்ணுக்குத் தெரிகிற எதிரி ஒரு மந்திரம் போடும்போது ரியாக்‌ஷனில் அதை வெட்டிவிடலாம். மூன்றாம் நிலை வரை தானாகவே வெட்டும். அதற்கு மேல் என்றால் 10 கூட்டல் மந்திரத்தின் நிலை, அந்த எண்ணை உருட்டி எட்ட வேண்டும். எதிரி ஐந்தாம் நிலை கோன் ஆஃப் கோல்ட் போடுகிறான், நமக்கு இன்டெலிஜென்ஸ் +4, 15 எட்ட 11 விழ வேண்டும், சரிபாதி வாய்ப்பு. எட்டு டி8, சராசரி 36, நாலு பேர் மேல் விழவிருந்ததைச் சரிபாதி வாய்ப்பில் இல்லாமல் ஆக்குவது சாதாரண விஷயமா? 2024-இல் எதிரி கான்ஸ்டிடியூஷன் சேவ் உருட்டுகிறான், தோற்றால்தான் மந்திரம் கலையும், அப்போதும் அவனுடைய ஸ்லாட் செலவாகாது. கொஞ்சம் பலம் குறைந்துவிட்டது, இருந்தாலும் எடுப்பேன்.

இங்கேதான் ரியாக்‌ஷன் நெருக்கடி தொடங்குகிறது. ஷீல்ட், கவுண்டர்ஸ்பெல், அப்சார்ப் எலிமெண்ட்ஸ் மூன்றும் ஒரே ரியாக்‌ஷனுக்கு வரிசையில் நிற்கின்றன. ஒரு காப்லின் அடிக்கு அவசரப்பட்டு ஷீல்ட் போட்டுவிட்டால், அதே சுற்றில் எதிரி மந்திரவாதி கையைத் தூக்கும்போது நாம் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். எதிரில் மந்திரவாதி தெரிகிறாரா, சின்ன அடிகளை வாங்கிக்கொள்ளுங்கள், ரியாக்‌ஷனை அவருக்காக வையுங்கள். வெப் மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தால் மட்டும் இதை மாற்றிக்கொள்ளலாம்: 18 டேமேஜ் வாங்கினால் கான்சன்ட்ரேஷன் சேவ் 10, கான்ஸ்டிடியூஷன் +2-வோடு 65 சதவீதம் தாங்கும், இரண்டு அடி வாங்கினால் 42-க்கு வந்துவிடும். அந்த இடத்தில் ஒரு ஷீல்ட் நம் உயிரோடு வெப்பையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது.

அப்சார்ப் எலிமெண்ட்ஸ் பார்வைக்குச் சின்ன மந்திரம், முதல் நிலைதான். ஆசிட், குளிர், நெருப்பு, மின்னல், இடி, இந்த ஐந்தில் ஒன்று தாக்கினால் ரியாக்‌ஷனில் பாதியாகக் குறைக்கும். முதல் சில லெவல்களில் இதற்கு வேலை குறைவு, அதனால் தள்ளிவைக்கலாம். ஆனால் ஒன்பதாவது லெவலில் கான்ஸ்டிடியூஷன் 14 விசார்டுக்கு 56 ஹிட் பாயிண்ட். யங் ரெட் டிராகனின் நெருப்பு மூச்சு 16டி6, சராசரி சரியாக 56. முழு ஹிட் பாயிண்ட்டோடு நிற்கிற விசார்ட், சேவ் தவறினால், சராசரி உருட்டலிலேயே பூஜ்யம். அப்சார்ப் எலிமெண்ட்ஸ் இருந்தால் 28 போகும், 28 மிஞ்சும், அடுத்த முறை நம்முடையது. ஒரு முதல் நிலை ஸ்லாட்டுக்கு இதைவிடப் பெரிய பலன் எனக்குத் தெரியாது. ஷீல்டோ மிரர் இமேஜோ அந்த மூச்சின் முன் ஒன்றும் செய்யாது. இதை லெவல் ஏறும்போது கிடைக்கும் இரண்டில் ஒன்றாக எடுக்காமல், ஒரு ஸ்குரோல் (மந்திரச் சுருள்) தேடிப் பிடித்து 50 தங்கக் காசும் இரண்டு மணி நேரமும் கொடுத்து நகல் எடுத்துக்கொள்வதுதான் என் வழி. ஊரில் டிராகன் பற்றிய பேச்சு அடிபட ஆரம்பித்ததும் தேடத் தொடங்கிவிடுங்கள்.

சில்வரி பார்ப்ஸ் என்ற மந்திரம் 2021-இல் வந்தது, பல மேசைகளில் அனுமதிப்பதில்லை, டிஎம்மிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஷீல்டால் முடியாத ஒன்றை அது செய்யும்: டி20-இல் 20 விழுந்த அடியையும் மறுபடி உருட்ட வைக்கும். ஷீல்ட் போல ஒரு சுற்று முழுக்க நிற்காது. ஒன்றுதான் என்றால் நான் ஷீல்ட் பக்கம்.

உயர்ந்த நிலைகளில் ஸ்டோன்ஸ்கின்னை விட்டுவிடுங்கள். 100 தங்கக் காசு வைரத்தூள், கான்சன்ட்ரேஷன், 2014 விதியில் மாயமில்லாத ஆயுதங்களுக்கு எதிராக மட்டும் பாதி. ஆளை மறைய வைக்கும் கிரேட்டர் இன்விசிபிலிட்டியும் கான்சன்ட்ரேஷன்தான், அதை நம் ரோக்கிற்கு (பதுங்கி அடிப்பவர்) போட்டால் குழுவுக்கு லாபம் அதிகம். ஃபயர் ஷீல்டுக்குக் கான்சன்ட்ரேஷன் இல்லை, பத்து நிமிடம் நிற்கும், நெருக்கத்தில் மாட்டிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் எடுக்கலாம்.

அப்ஜுரேஷன் (தற்காப்பு மந்திரம்) பள்ளியை எடுக்கிறவர்களுக்கு நான் மேலே மேஜ் ஆர்மர் பற்றிச் சொன்னது பொருந்தாது. இரண்டாவது லெவலில் அவர்களுக்கு ஆர்கேன் வார்ட் (மாயத் தடுப்பு) வருகிறது, லெவலை இரட்டித்து இன்டெலிஜென்ஸ் +3-ஐக் கூட்டினால் 7 பாயிண்ட் தாங்கும், அன்றைய முதல் அப்ஜுரேஷன் மந்திரம் போட்டதும் அது எழும்பும். மேஜ் ஆர்மர், ஷீல்ட், அப்சார்ப் எலிமெண்ட்ஸ், கவுண்டர்ஸ்பெல் எல்லாமே அந்தப் பள்ளிதான். காலையில் மேஜ் ஆர்மர் போட்டால் ஏசியும் ஏறுகிறது, வார்டும் எழும்புகிறது. அடி வாங்கிய வார்டை அலாரம் மந்திரத்தை ரிச்சுவலாக (நீண்ட சடங்காக) திரும்பத் திரும்பப் போட்டு ஒவ்வொரு முறைக்கும் இரண்டு பாயிண்ட் ஏற்றலாம், ஒரு மணி நேர ஓய்வில் ஐந்து முறை போட்டுவிடலாம், ஸ்லாட் ஒன்றும் போகாது.

நண்பர் கடைசியில் முதல் ஆறில் ஷீல்டையும் மேஜ் ஆர்மரையும் மட்டும் தற்காப்புக்கு எழுதினார், மிச்ச நாலில் ஸ்லீப்பும் ஃபைண்ட் ஃபெமிலியரும் வந்தன. ஆட்டம் தொடங்குவதற்கு முன் டிஎம்மிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "அடி பட்டால் எண்ணைச் சொல்வீர்களா, பட்டது என்று மட்டும் சொல்வீர்களா?" எண்ணைச் சொல்வேன் என்றார்.